மூணு மணிக்கே வண்டிய ஓரங்கட்டுனா என்ன?

ஆஸ்திரேலியால பெர்த்லேர்ந்து, நடுவுல இருக்கற நல்லர்போர்ங்கற வறண்ட சமவெளியத் தாண்டி, அடிலெய்டுக்கு ரோட்டுலயே போகப்போறோம்னு சொன்னதும் தெரிஞ்சவங்க அத்தனை பேரும் ஒரே பேச்சுதான் பேசுனாங்க. "நல்லர்போர்ல பாக்குறதுக்கு ஒண்ணும் கெடையாது, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டுங்க, ரெண்டே நாள்ல தாண்டிரலாம்." எல்லாரும் அக்கறையா சொன்னவங்கதான், அதுல சிலபேர் நிஜமாவே ரெண்டு நாள்ல தாண்டுனவங்க. போயிட்டு வந்தப்பறமும் அதே ஆளுங்க கேட்ட மொத கேள்வி, ஒரு நாளைக்கு எத்தன கிலோமீட்டர் ஓட்டுனீங்கங்கறதுதான். எத்தன மணிக்கு நிறுத்துனீங்க, எங்க தூங்குனீங்க, நிறுத்தின எடத்துல என்ன இருந்துச்சுன்னு ஒருத்தர்கூட கேக்கல. அது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு, ஏன்னா அந்தப் பயணத்துல எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெளிவா ஞாபகம் இருக்கறது எல்லாமே வண்டி நின்னதுக்கு அப்பறம் நடந்ததுதான்.

முழுப் பயணத்தையும் எழுதல, நடுவுல ஒரே ஒரு நாள மட்டும் எழுதறேன். ஜூலை மாசம், நல்ல குளிர்காலம். வாடகைக்கு எடுத்த கேம்பர்வேன், அதாவது உள்ளயே படுத்துக்கற மாதிரி வண்டி, நானும் வீட்டுக்காரரும் ஓட்ட, பின்னாடி சீட்டுல எங்கம்மா. அம்மா ஊர்லேர்ந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆயிருந்துச்சு. ரோட்டோரமா ஃப்ரீ கேம்ப்பிங், அதாவது காசு கட்டாம வண்டியிலயே ராத்தங்கறது, பண்ணிட்டே போகப்போறோம்னு மொதல்ல சொன்னப்ப அம்மா மூஞ்சி போன போக்க மறக்க முடியாது. "வயசான காலத்துல என்னை ரோட்டுல படுக்க வெக்கறியாடி"ன்னு கேட்டாங்க. நான் எவ்வளவு வெளக்குனாலும் அவங்களுக்கு அதுல ரெண்டே கேள்விதான். ராத்திரி யாராவது வந்து கதவத் தட்டுனா என்ன பண்றது, அவசரத்துக்கு எங்க ஒதுங்கறது. ரெண்டுமே நியாயமான கேள்வி, ரெண்டுக்கும் பதில் தெரியாம யாரும் ஃப்ரீ கேம்ப்பிங் கெளம்பக் கூடாதுன்னுதான் நான் சொல்வேன்.

அன்னிக்குக் காலைல நாங்க எழுந்திரிச்சது நியூமன் ராக்ஸ்ல. நார்ஸ்மன்லேர்ந்து கிழக்க கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர், ரோட்டுலேர்ந்து கொஞ்சம் உள்ள தள்ளி பெரிய கிரானைட் பாறை, நடுவுல மழைத்தண்ணி தேங்கி நிக்கற எடம். சுத்தி சால்மன் கம் மரங்க, தண்டெல்லாம் செம்பு கலந்த ரோஸ் நெறத்துல வழவழன்னு இருக்கும். "ஒண்ணும் கெடையாது"ன்னு சொன்னவங்கள நான் அங்கயே நெனச்சுக்கிட்டேன். அந்தக் காடு கிரேட் வெஸ்டர்ன் உட்லேண்ட்ஸோட ஒரு பகுதி, மொத்தம் 1.6 கோடி ஹெக்டேர், இந்த மாதிரி மிதமான வெப்பநிலைல வளர்ற காடுங்கள்ல உலகத்துலயே இவ்ளோ பெருசா அழியாம மிஞ்சியிருக்கறது இதுதான். ங்காட்ஜு பழங்குடி மக்களோட மண்ணு அது. 110ல போனா இதெல்லாம் ஜன்னலுக்கு வெளிய பச்சையா ஒரு கோடு, அவ்ளோதான்.

பல்லடோனியா ரோட்ஹவுஸ்ல, அதாவது பெட்ரோல் பங்கும் சாப்பாட்டுக் கடையும் சேந்த எடத்துல, டீசல் போட நிறுத்துனோம். அங்க ஒரு சின்ன மியூசியம் இருக்கு, 1979 ஜூலைல நாசாவோட ஸ்கைலாப் விண்வெளி நிலையம் உடைஞ்சு இந்தப் பக்கம் பூரா விழுந்துச்சில்ல, அதப் பத்தி வெச்சிருக்காங்க. எஸ்பரன்ஸ் ஷயர்க்காரங்க, அதாவது உள்ளூர் நிர்வாகத்துக்காரங்க, அப்ப நாசா மேல குப்பை போட்டதுக்கு 400 டாலர் ஃபைன் போட்டாங்க. ரொம்ப வருஷம் கழிச்சு 2009ல ஒரு அமெரிக்க ரேடியோக்காரர் நேயர்கள்கிட்ட காசு வசூலிச்சு அதக் கட்டுனாரு. எல்லாரும் தமாஷா சொல்ற கதைதான், ஆனா எனக்கு அந்த ஷயர்க்காரங்கள ரொம்பப் புடிச்சிருந்துச்சு. ஆள் இல்லாத எடம்னா யார் வேணா எத வேணா போட்டுட்டுப் போலாம்னு இல்லன்னு எழுத்துல சொன்னவங்க அவங்க. இத ஏன் சொல்றேன்னு பின்னாடி வரும்.

கோடு போட்ட மாதிரி ரோடு

பல்லடோனியா தாண்டி கொஞ்ச தூரத்துல அந்த பேர்போன நேர் ரோடு ஆரம்பிக்குது. 146.6 கிலோமீட்டர், ஒரு வளைவுகூட கெடையாது, ஆரம்பிக்கற எடத்துல போர்டு வெச்சிருக்காங்க, எல்லாரும் எறங்கி போட்டோ எடுக்கறாங்க, நாங்களும் எடுத்தோம். இந்த ரோட்டப் போட்டது 1941-42ல, போர் நேரத்துல, அவசர அவசரமா. தார் போட்டு முடிச்சது மேற்கு ஆஸ்திரேலியா பக்கம் 1969ல, தெற்கு ஆஸ்திரேலியா பக்கம் 1976லதான். அதாவது நான் பொறக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் இது புழுதி ரோடு. இப்ப சில எடத்துல தார் மேலயே வெள்ளைக் கோடா பட்டை பட்டையா பெயின்ட் அடிச்சிருக்கும், ரோடு அங்க அகலமா இருக்கும், அது ஃப்ளையிங் டாக்டர் விமானம் எறங்கறதுக்கு. 1928லேர்ந்து நடக்கற சர்வீஸ் அது. அம்மாகிட்ட இந்த ரோட்டுலதான் பிளேன் எறங்கும், ஒடம்பு முடியாதவங்கள இங்கேர்ந்துதான் தூக்கிட்டுப் போவாங்கன்னு சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசல, அப்பறம் "அப்ப நம்மளையும் பாத்துக்குவாங்க"ன்னாங்க. அவங்க பயத்துல ஒரு பாதி அங்க குறைஞ்சிருக்கும்னு நெனக்கிறேன்.

நேர் ரோட்டுல ஓட்டறது சுலபம்னு நெனக்கறவங்க ஓட்டாதவங்க. கை ஸ்டியரிங்ல சும்மா இருக்கு, கண்ணு ஒரே புள்ளில நிக்குது, கண்ணு தொறந்திருக்கும்போதே மனசு எங்கயோ போயிருது. வேகக் கட்டுப்பாடு 110, கேம்பர்வேன 95க்கு மேல நாங்க ஓட்டல, பின்னாடி ரோட் ட்ரெயின் வந்தா வழி விடணும். முப்பது மீட்டருக்கு மேல நீளம் உள்ள லாரி அது, அது தாண்டும்போது நம்ம பயந்து திடீர்னு பிரேக் போடக் கூடாது, அதே வேகத்துல அப்படியே நேரா போகணும், முழுசா தாண்டி லேனுக்குள்ள வந்தப்பறம்தான் லேசா கால எடுக்கணும். யூஎச்எஃப் ரேடியோ இருந்தா சேனல் 40ல அவங்க பேசிக்கறது கேக்கும். நம்மளும் "தாண்டிக்குங்க"ன்னு சொல்லலாம், சொன்னா தாண்டுனப்பறம் தேங்க்ஸ் சொல்லுவாங்க. எதிர்ல வர்றவங்க ஸ்டியரிங்லேர்ந்து ஒரு வெரல மட்டும் தூக்கிக் காட்டுவாங்க, நீங்களும் தூக்கணும். முன்ன பின்ன தெரியாத ஆளுக்கு நாள் பூரா வெரலத் தூக்கிக்கிட்டே போறது எனக்கு ரொம்ப ஆறுதலா இருந்துச்சு.

ரோட்டோரம் அடிபட்ட கங்காருங்க நெறைய. அது மேல பெரிய ஆப்பு வால் கழுகுங்க ஒக்காந்திருக்கும். வயிறு ரொம்பி இருக்கற கழுகு சட்டுன்னு எழும்ப முடியாது, ரெண்டு மூணு தடவ தத்தி அப்பறம்தான் மேல ஏறும், அதனால தூரத்துல கருப்பா தெரிஞ்சாலே வேகத்தக் கொறைக்கணும். கங்காருங்க ஏன் ரோட்டுக்கே வருதுன்னு அம்மா கேட்டாங்க. தார் மேல விழற கொஞ்ச நஞ்ச மழையும் பனியும் ரெண்டு பக்கமும் வழிஞ்சு ஓரத்துல மட்டும் புல்லு பச்சையா இருக்கு, அத மேய வருதுங்க, அதுவும் பொழுது சாயறப்பவும் விடியறப்பவும். வாடகை ஒப்பந்தத்துலயே இருட்டுன அப்பறம் ஊருக்கு வெளிய ஓட்டக் கூடாதுன்னு போட்டிருந்தாங்க. போடலன்னாலும் நான் ஓட்டியிருக்க மாட்டேன்.

அடுத்த ரோட்ஹவுஸ் கைகுனா, அதுக்கு அஞ்சு கிலோமீட்டர் முன்னாடி ஒரு ப்ளோஹோல் இருக்கு, ரோட்டுலேர்ந்து ரெண்டு நிமிஷ நடை. பாத்தா சுண்ணாம்புப் பாறைல ஒரு ஓட்டை, அவ்ளோதான், ஒரு ஆள் எறங்கற அளவு. ஆனா கிட்ட போனா காத்து அடிக்குது, உள்ளேர்ந்து. அம்மா குனிஞ்சு பாக்கும்போது சேலைத் தலைப்பு அப்படியே மேல தூக்குச்சு, ஈரச் சுண்ணாம்பு வாசனையோட ஜில்லுன்னு காத்து. இந்த சமவெளி பூராவும் ஒரே சுண்ணாம்புப் பாறை, ஏறக்குறைய ரெண்டு லட்சம் சதுர கிலோமீட்டர், அடியில குகை குகையா போகுது. வெளிய காத்தழுத்தம் கொறைஞ்சா உள்ள இருக்கற காத்து வெளிய தள்ளும், வெளிய அழுத்தம் ஏறுனா உள்ள இழுத்துக்கும். பூமி மூச்சு விடுதுன்னு அம்மா சொன்னாங்க, அத நான் திருத்தல, திருத்தறதுக்கு அதுல என்ன தப்பு இருக்கு. ரொம்ப நேரம் கைய அதுக்கு மேல வெச்சுக்கிட்டு நின்னுட்டு இருந்தாங்க.

நிழல் முன்னாடி ஓடுச்சு

இப்பதான் நான் எழுத வந்த விஷயம். கைகுனால சாப்பிட்டுட்டு கெளம்புறப்ப என் போன்ல ரெண்டரை மணி. வீட்டுக்காரர் ஏற்கனவே கணக்குப் போட்டு வெச்சிருந்தாரு. அடுத்த ரோட்ஹவுஸ் காக்கில்பிடி 65 கிலோமீட்டர், அங்கேர்ந்து அதுக்கடுத்த மதுரா 90 சொச்சம், ஆக மதுரா வரைக்கும் ரெண்டு மணி நேரம்கூட ஆகாது, நாலரைக்குப் போய்ச் சேந்துரலாம், நாளைக்கு அவ்ளோ தூரம் மிச்சம். கேக்கறதுக்கு எந்தத் தப்பும் இல்லாத கணக்கு. நானும் தலையாட்டிட்டுதான் ஸ்டியரிங் புடிச்சேன்.

கைகுனா தாண்டுன ஒடனே ரோட்டோரம் ஒரு போர்டு வரும், கடிகாரத்த 45 நிமிஷம் முன்னாடி வெச்சுக்கோங்கன்னு. சட்டப்படி அப்படி ஒரு நேரம் கெடையாது, ஆனா இங்கேர்ந்து மாநில எல்லைல இருக்கற பார்டர் வில்லேஜ் வரைக்கும் இருக்கற அஞ்சாறு ரோட்ஹவுஸ்காரங்க அந்த நேரத்துலதான் வாழறாங்க. புதுசா வர்றவங்களுக்கு அது வேடிக்கையா இருக்கும், ஆனா அதுக்குக் காரணம் சூரியன். மேற்கு ஆஸ்திரேலியா முழுசுக்கும் ஒரே நேரம், அது பெர்த்துக்குத் தோதான நேரம், நாமளோ பெர்த்லேர்ந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல கிழக்க வந்தாச்சு. ஜூலைல இங்க பெர்த் மணிப்படி அஞ்சு மணிக்கு முன்னாடியே சூரியன் மறைஞ்சிருது. சிக்னல் இல்லாத போனுக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு பெர்த் மணியவே காட்டிட்டு இருக்கும்.

கொஞ்ச தூரம் போயிருப்போம், பின்னாடியிருந்து அம்மா, "மாப்ள, நம்ம வண்டி நெழலப் பாருங்க"ன்னாங்க. நாங்க கிழக்கப் பாத்துப் போறோம், சூரியன் பின்னாடி இடது பக்கம் சாஞ்சுட்டு இருக்கு, எங்க வண்டியோட நிழல் வலது பக்கம் முன்னாடி விழுந்து ரோட்ட விட்டு எறங்கி, செடிங்க மேல ஏறி எறங்கி எங்களுக்கு முன்னாடி ஓடிக்கிட்டு இருக்கு, வண்டியோட நீளத்த விட நீளமா. அவர் "இல்லத்த, மணி இப்பதான் மூணு ஆகுது"ன்னாரு. அம்மா "மணி என்னவா வேணா இருக்கட்டும், பொழுது சாஞ்சாச்சு, இதுக்கு மேல போனா எறங்கறப்ப இருட்டுல எறங்கணும்"னாங்க. அவங்க வாழ்க்கைல ஒரு நாளும் வண்டி ஓட்டினதில்ல, மேப் பாத்ததில்ல, காக்கில்பிடி எங்க இருக்குன்னு தெரியாது. வெயிலப் பாத்து வடாம் காயவெச்சு எடுத்த கண்ணு அது. அத்தை சொல்லி மறுத்துப் பேச அவருக்கு வாய் வரல, ஆனா மொகத்துல ஒத்துக்கவும் இல்ல. அடுத்த நீல போர்டு வந்துச்சு, 24 மணி நேர ரெஸ்ட் ஏரியா. நான் இன்டிகேட்டர் போட்டேன்.

நான் இத ரொம்ப யோசிச்சுப் பாத்திருக்கேன். மதுரா வரைக்கும் போயிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு அவர் இன்னமும் சொல்றாரு. இருக்கலாம். ஆனா கடைசி அம்பது கிலோமீட்டர் கங்காரு மேய வர்ற நேரத்துல, சூரியன் எறங்கிட்டு இருக்கறப்ப, களைச்ச கண்ணோட ஓட்டியிருப்போம். போய் எறங்குன ஒடனே டார்ச் வெளிச்சத்துல அடுப்பு பத்த வெச்சு, தின்னுட்டுப் படுத்திருப்போம். மறுநாள் காலைல 130 கிலோமீட்டர் மிச்சம், அத எங்க கொண்டுபோய் செலவழிக்கறது? நம்ம ஆளுங்ககிட்ட ஒரு பழக்கம் இருக்கு, ஓட்டுற தூரம் வேலை, நிக்கற நேரம் வீண்ணு. ஆபீஸ்லேர்ந்து கூடவே வந்துருது அது. நல்லர்போர்ல ஒண்ணும் இல்லன்னு சொல்றவங்க யாருமே பொய் சொல்லல, அவங்க ஓட்டும்போது அது அப்படித்தான் இருக்கு. அங்க இருக்கறது எல்லாம் முட்டி ஒசரம், கணுக்கால் ஒசரம். அது வண்டி ஜன்னல்லேர்ந்து தெரியாது.

ஓசி எடத்தோட நெசமான லாபம்

ஃப்ரீ கேம்ப்பிங்னா காசு மிச்சம்னுதான் எல்லாரும் பேசறாங்க. மிச்சம்தான், இல்லங்கல. ஆனா அன்னிக்கு எனக்குப் பட்டது வேற. காசு கட்டி வண்டிய நிறுத்தித் தங்கற கேரவன் பார்க் புக் பண்ணியிருந்தா நாங்க மூணு மணிக்கு நின்னிருக்கவே முடியாது. காசு கட்டியாச்சு, ஒருத்தர் காத்துட்டு இருக்காங்க, ரிசப்ஷன் மூடறதுக்குள்ள போகணும். புக்கிங் நம்மள பொழுது சாயற நேரத்துல ரோட்டுல வெச்சிருக்கும். ரோட்டோரம் படுக்கறவங்கள யாரும் எதிர்பாத்துட்டு இல்ல, அதனால வெளிச்சம் எப்ப போதும்னு சொல்லுதோ அப்ப நிக்கலாம். அந்த சுதந்திரம்தான் பெருசு. மேற்கு ஆஸ்திரேலியால சட்டமே இதுக்கு எடம் குடுக்குது, ரோட்டோர ரெஸ்ட் ஏரியால வண்டிக்குள்ள படுத்துக்கலாம், 24 மணி நேரம் வரைக்கும். களைச்சவன் ஓட்டி செத்துரக் கூடாதுன்னு ஒரு அரசாங்கம் எடம் ஒதுக்கி வெச்சிருக்கு, அது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமாப் படுது.

நிறுத்தறதுக்கும் ஒரு மொறை இருக்கு. ரோட்ட ஒட்டி முன்னாடி இருக்கற அகலமான எடம் லாரிக்காரங்களுக்கு, அவங்க சட்டப்படி இத்தன மணி நேரம் ஓட்டுனா இத்தன மணி நேரம் தூங்கியே ஆகணும், அந்த எடத்த கேரவன்காரங்க அடைச்சுக்கிட்டா அவங்க தூக்கத்தோட ஓட்டிட்டுப் போவாங்க, அத விட ஆபத்து ஒண்ணும் இல்ல. அதனால நாங்க பின்னாடி மண் தடத்துல உள்ள தள்ளிப் போய், மல்லிங்கற குட்டை யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவுல கெட்டித் தரையா பாத்து நிறுத்துனோம். மேடை மேல பாதி தண்ணி இருக்கற பாட்டில படுக்க வெச்சு மட்டம் பாக்கறது வீட்டுக்காரர் வேலை. கதவு காத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கணும். வண்டி மூக்கு வெளிய போற தடத்தப் பாத்து இருக்கணும், ராத்திரி எதாவது சரியில்லன்னு தோணுனா ரிவர்ஸ் எடுக்காம நேரா கெளம்பிறலாம். அம்மாவோட மொதக் கேள்விக்கு எங்க பதில் இதுதான். கொஞ்சம் தள்ளி ஒரு வயசான தம்பதி கேரவன் போட்டிருந்தாங்க, தூரத்துலேர்ந்தே கையசைச்சாங்க, அதோட அம்மா முக்கால்வாசி சமாதானம் ஆயிட்டாங்க.

ரெண்டாவது கேள்விக்கு வருவோம், ஏன்னா அன்னிக்கு எனக்குக் கோவம் வந்தது அதுலதான். எங்ககிட்ட பெட்டி மாதிரி போர்ட்டபிள் டாய்லெட் இருந்துச்சு, ரொம்புனா டம்ப் பாயிண்ட், அதாவது அந்தக் கழிவக் கொட்டற எடம், இருக்கற ஊர் வரைக்கும் கொண்டு போய்த்தான் கொட்டணும். எல்லார்கிட்டயும் அது இல்ல, சரி, இல்லாதவங்க தூரமா போய் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடணும், பேப்பர கவர்ல போட்டு எடுத்துட்டுப் போகணும். அந்த ரெஸ்ட் ஏரியாக்குப் பின்னாடி அம்மாவோட நடந்தப்ப சால்ட்புஷ் செடிங்கள்ல பூ பூத்த மாதிரி வெள்ள வெள்ளயா தெரிஞ்சுது, கிட்ட போனா அத்தனையும் டிஷ்யூ பேப்பர். காத்துல பறந்து வந்து முள்ளுல மாட்டி, வெயில்ல காஞ்சு, மழைல ஒட்டி, மறுபடி காஞ்சு. வறண்ட எடத்துல எதுவும் சீக்கிரம் மக்காது. மிர்னிங் மக்கள் ஆயிரக்கணக்கான வருஷமா வாழ்ந்த கடலோர நாடு இது, ஸ்கைலாப் விழுந்ததுக்கு ஃபைன் போட்டாங்க, இதுக்கு யார் யாருக்கு ஃபைன் போடுவாங்க? இந்த மாதிரி ஆகித்தான் ஒவ்வொரு எடமா "கேம்ப்பிங் கூடாது"ன்னு போர்டு வைக்கறாங்க. அம்மா ஒண்ணும் பேசாம வண்டிக்குப் போய் ரப்பர் க்ளவுசும் ஒரு பையும் எடுத்துட்டு வந்துட்டாங்க. நானும் ஒண்ணு மாட்டிக்கிட்டேன். முழுசா எடுக்க முடியல, எங்க வண்டியச் சுத்தி எடுத்தோம்.

அதுக்கப்பறமும் வெளிச்சம் இருந்துச்சு. அதத்தான் சொல்ல வர்றேன். காய்கறி எல்லாத்தையும் எடுத்து வெச்சு அம்மா கணக்குப் பாத்தாங்க, செடூனால தெற்கு ஆஸ்திரேலியாக்காரங்க செக் பண்ணி பழம், காய் எல்லாத்தையும் வாங்கிப் போட்டுருவாங்க, அதுக்குள்ள தின்னு தீக்கணும். கத்திரிக்கா, கேரட், தக்காளி எல்லாம் ஒரே சட்டில. தட்டு கழுவ ஒரு சொம்பு தண்ணி. மொதல்ல பேப்பரால வழிச்சுட்டு, கால் சொம்புல தேச்சு, மிச்சத்துல அலசி, அலசுன தண்ணிய அடுத்த தட்டுக்கு வெச்சுக்கிட்டாங்க. வழிச்ச பேப்பரும் பைக்குள்ள போச்சு. ரோட்ஹவுஸ்ல தண்ணி கேக்காதீங்கன்னு முன்னாடியே சொல்லியிருந்தேன், அங்க தண்ணிங்கறது அவங்களே போர்வெல்ல உப்புத்தண்ணி எடுத்து சுத்தம் பண்றது, டீசலவிட அருமை. அதே மாதிரி, ராத்திரிக்குக் காசு குடுக்காம படுக்கறவங்க டீசலையாவது அங்க போடணும், ஒரு டீயாவது குடிக்கணும். விலை ஜாஸ்திதான். அந்த விலைக்குத்தான் 180 கிலோமீட்டருக்கு நடுவுல ஒரு லைட் எரியுது.

பொழுது எறங்கறப்ப அம்மாகிட்ட எட்வர்ட் ஜான் ஏர் கதை சொன்னேன். புது எடங்கள தேடிப் போன ஆளு, நாங்க வந்த ஹைவேக்கு அவர் பேருதான். 1841ல இந்தக் கடலோரமா கிழக்கேர்ந்து மேற்க நடந்தாரு, ஜான் பேக்ஸ்டர்னு ஒருத்தர், கூட மூணு பழங்குடிப் பசங்க. நாங்க ஒக்காந்திருந்த எடத்துக்குத் தெற்க, கடல் பக்கம்தான் பேக்ஸ்டர் செத்தது, ஏப்ரல் 29 ராத்திரி, பசங்கள்ல ரெண்டு பேர் சுட்டுட்டு சாப்பாட்ட எடுத்துட்டுப் போயிட்டாங்க. மிஞ்சுனது ஏரும் வைலிங்கற பையனும். தண்ணி இல்லாம, காலைல செடிங்க மேல படிஞ்ச பனியப் பஞ்சால ஒத்திப் பிழிஞ்சு குடிச்சிருக்காங்க, ஜூலை 7ஆம் தேதி ஆல்பனி போய்ச் சேந்தாங்க. அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, "அந்தப் பையன் பேருல எதாவது ரோடு இருக்கா?"ன்னு கேட்டாங்க. இந்த மாதிரி பெரிய ரோடு எதுவும் எனக்குத் தெரிஞ்சு இல்ல. அவன் ஆல்பனிக்காரன், தன் சொந்தங்ககிட்ட திரும்பி வந்தான்னு சொன்னேன், "அது போதும்"னாங்க.

இருட்டுனப்பறம் குளிரு எலும்புக்குள்ள எறங்குச்சு, ஆனா அம்மா உள்ள வரல. போர்வைய போத்திக்கிட்டு தலைக்கு நேர் மேல காட்டி "கேட்டை"ன்னாங்க. ஊர்ல தெற்க சாஞ்சு தெரியற நட்சத்திரம், இங்க உச்சில நிக்குது, செவப்பா, தேளோட வால் மொத்தமும் அதுக்குக் கீழ. பால்வீதிக்குள்ள இருக்கற கருப்பு எடங்கள சேத்துப் பாத்தா ஈமு மாதிரி தெரியும்னு இங்க பழங்குடி மக்கள் சொல்றத நான் காட்டுனேன், கழுத்து கெடைச்சுது, கால் கெடைக்க நேரமாச்சு. அப்பப்ப ரோட் ட்ரெயின். வர்றதுக்கு ரொம்ப நேரம் முன்னாடியே சத்தம் கேக்க ஆரம்பிச்சிரும், ஏறிக்கிட்டே வந்து, தாண்டி, போயிட்டே இருக்கும். மொத ரெண்டுக்கு அம்மா எழுந்து ஒக்காந்தாங்க, அப்பறம் தூங்கிட்டாங்க. யாரும் கதவத் தட்டல.

காலைல ஜன்னல் உள்பக்கம் பூரா மூச்சுத் தண்ணி. மூணு பேர் மூச்சு, ராத்திரி பூரா கண்ணாடில படிஞ்சு கோடு கோடா எறங்குது. அம்மா துணியால ஒத்தி டம்ளர்ல பிழிஞ்சு, "பாரு, கால் டம்ளர் இருக்கு, அந்தப் பையன் இதத்தான் குடிச்சானா"ன்னு ஏங்கிட்ட நீட்டுனாங்க. வெயில் நல்லா ஏறுற வரைக்கும் கெளம்பல, சாயங்காலம் சீக்கிரம் நிக்கறவங்க காலைல லேட்டாத்தான் எடுக்கணும், ரெண்டு பக்கமும் கங்காரு நேரம்தான். குப்பைப் பைய டிக்கில வெச்சுக் கட்டியாச்சு, அத வழியில இருக்கற ரோட்ஹவுஸ் தொட்டில போட்டு அவங்களுக்கு வேலை வெக்காம ஊர் வர்ற வரைக்கும் வெச்சிருக்கணும்னு அம்மாதான் சொன்னாங்க.

காக்கில்பிடில டீசல், ஆளுக்கொரு டீ. மதுரா பாஸ்ல நின்னு பாத்தோம், மேல இருக்கற மேட்டு நெலம் அப்படியே அறுந்து கீழ ரோ சமவெளி கடல் வரைக்கும் போகுது, முந்தின நாள் சாயங்காலம் வந்திருந்தா அதுல பாதி இருட்டுல போயிருக்கும். அவர் ஒண்ணும் சொல்லல, நானும் சொல்லிக் காட்டல. கீழ எறங்கி முண்ட்ரபில்லா பக்கமா போயிட்டு இருந்தோம், ரெண்டு மணி தாண்டியிருக்கும், நீல போர்டு ஒண்ணு தெரிஞ்சுது. அவர்தான் ஓட்டிட்டு இருந்தாரு. வேகத்தக் கொறைச்சு கண்ணாடில பின்னாடி பாத்து, "அத்த, இங்க போட்டுரலாமா?"ன்னாரு. அம்மா எட்டிப் பாத்துட்டு, "இது ரோட்டுக்கு ரொம்பப் பக்கம் மாப்ள, மறைவும் இல்ல, வெளிச்சம் இருக்கு, அடுத்தது பாப்போம்"னாங்க.